கயிற்றின் இந்த முனை

நேற்றுப் பெய்த மழையில் பின்கட்டுக் கம்பியில் தொங்கிய நீலக் கயிறு நனைந்துவிட்டது. காலையில் கதவைத் திறந்தேன். ஏரி வாசம். சேறும் இரும்பும் கலந்த அதே வாசம், ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில், இந்த வரிசை வீட்டின் சமையலறைக்குள்.

ஒரு வருடம் வெயிலில் காய்ந்த கயிறு அது. வாசம் எப்போதோ போயிருக்கும் என்று நினைத்திருந்தேன்.

மேசைமேல் வேறொரு கடிதம் பாதியில் கிடக்கிறது. பாதிகூட இல்லை. 'பெறுநர்' என்று எழுதி, அதற்குக் கீழே ஒன்றும் எழுதாமல் மூன்று வாரமாக வைத்திருக்கிறேன். உன் மனைவி செல்விதான் எழுதச் சொன்னாள். அதை எழுதுமுன் உன்னிடம் ஒன்றைச் சொல்லவேண்டும். நீ இருந்தபோதே சொல்லியிருக்கலாம். அப்போது அது சொல்லவேண்டிய விஷயமாகவே எனக்குத் தோன்றவில்லை.

ஏரி என்று அதற்கு எழுத்தில் பெயர் வைத்தவன் நான்தான். நம் தாமான் குடியிருப்பில் எல்லாருக்கும் அது லம்பம். ஈயம் தோண்டிய பள்ளம். தோண்டியவர்கள் போனபின் மழை நிரப்பியது. ஒரு பக்கம் சுண்ணாம்பு மலை. மறு பக்கம் நம் பெற்றோர் பால்மரம் வெட்டிய தோட்டம் இருந்த இடம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, அதுவும் போய் வீடுகள் வந்தன. தோட்டத்துக் கோவில் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. முன்பு அங்கே ஓர் ஓடை இருந்ததாம். திருவிழாவுக்கு அந்த ஓடையில்தான் கரகம் பாலிப்பார்களாம். ஓடையைப் பள்ளம் விழுங்கிவிட்டது. அதனால் நாம் பிறந்ததிலிருந்து அம்மனுக்குத் தண்ணீர் லம்பத்திலிருந்துதான்.

விடிந்தும் விடியாத நேரத்தில் பூசாரி முழங்கால் ஆழத்தில் நிற்பார். குடத்தில் நீர் மொண்டு, வேப்பிலையும் பூவும் கட்டி, தலையில் ஏற்றிக்கொண்டு கோவிலுக்கு நடப்பார். அரைமணி நேர வேலை. அந்த அரைமணிக்காகத்தான் இவ்வளவும்.

முழங்கால் ஆழத்திலிருந்து நான்கு எட்டு வைத்தால் இடுப்பளவு. ஐந்தாவது எட்டுக்குத் தரை கிடையாது. பள்ளத்தின் சுவர் நேராக இறங்கிவிடும். நமக்கு அது நடக்கத் தெரிந்த நாளிலிருந்தே தெரியும். புதிதாகக் குடிவந்தவர்களுக்குத் தெரியாது.

வட்டார மேம்பாட்டு முகமை வந்தது நாம் பள்ளி முடித்த வருடம். கரையைச் சுற்றி வேலி போட்டார்கள். தரை முடியும் இடத்தில் ஆரஞ்சு மிதவைகளைக் கயிற்றில் கோத்துக் கட்டினார்கள். ஒரு சிமெண்டுக் கட்டை, அதில் இரும்பு வளையம், வளையத்தில் ஒரு படகு. பக்கத்தில் ஒரு சின்னக் காவல் அறை. அதில் மாணிக்கம் அண்ணன்.

பாரிட் புந்தாரிலிருந்து மாற்றலாகி வந்தவர். கழுத்தில் எப்போதும் விசில். நீ அவரை 'அதிகாரி அண்ணே' என்றுதான் கூப்பிடுவாய். வேலிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு.

"அதிகாரி அண்ணே, இந்த மீனுக்கெல்லாம் பெர்மிட் இருக்கா? வெளியூரு மீனு மாதிரி தெரியுது."

"அதுக்கு இருக்குலா. உனக்குத்தான் இல்ல. எறங்கு மொதல்ல."

"எறங்குனா லம்பத்துல விழுந்துருவேனே."

"விழு. தூக்குறதுக்குத்தான் அந்த போட்டு கட்டிக் கெடக்கு. எனக்கும் ஒரு வேலை வேணும்ல."

ஒருமுறை பக்கத்துத் தாமானிலிருந்து குளிக்க வந்த இரண்டு பிள்ளைகளை அவர் அந்தப் படகில்தான் இழுத்துப் போட்டார். நீயும் நானும் கரையில் நின்று பார்த்தோம். பின்னால் வழக்குக்கு எழுதியபோது நான் இதை எந்த இடத்திலும் எழுதவில்லை.

பிறகு முகமை ஒரு விதி கொண்டுவந்தது. ஏரிக் கரையில் யார் கூடினாலும் முன்கூட்டி அனுமதி வாங்கவேண்டும். கோவில் செயலாளர் நீ. வேறு யாரும் ஒத்துக்கொள்ளாததால் செயலாளர். விண்ணப்பத் தாளை நீ வேலை செய்த டயர் கடை மேசையில் வைத்து, முதலாளி தவுக்கே பார்க்காத நேரத்தில் நிரப்பினாய். குழுத் தலைவர் என்ற இடத்தில் மாரியம்மன் என்று எழுதினாய்.

முகமை அலுவலகத்துக்கு, விடுமுறைக்கு வந்திருந்த என்னையும் அழைத்துப் போனாய். உள்ளே இருந்தது நம் தமிழ் அக்கா ஒருத்தர். தாளை மூன்று முறை படித்து, அடையாள அட்டை எண் இல்லாத இடத்தில் விரலை வைத்தார்.

"இது யாரு தம்பி? ஐசி நம்பர் போடலையே."

"அம்மாளுக்கு ஐசி எடுக்கலக்கா."

"வெளையாடாதீங்கலா. தலைவர் பேரப் போடுங்க."

"நெசமாத்தான். அவங்கதான் முன்னுக்குப் போவாங்க. நாங்கல்லாம் பின்னால போறவங்க."

அக்கா சிரித்துக்கொண்டே அம்மன் பெயரை அடித்துவிட்டு உன் பெயரை எழுதினார். நீ அன்று முழுக்க அதையே சொல்லிக்கொண்டு வந்தாய். என்னையப் போயி அம்மாளு எடத்துல போட்டுட்டாங்க மச்சான்.

அந்த வருடம் அனுமதி வந்தது. அடுத்த வருடமும் வந்தது. மூன்றாம் வருடம் திருவிழா முடிந்த மறுநாள் வந்தது.

அன்று காலை மேளக்காரர்கள் வேலிக்கு வெளியே நின்றார்கள். பூசாரி ஈர வேட்டியோடு நின்றார். மாணிக்கம் அண்ணன் உள்ளே சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"தாளு வரல தம்பி. தாளு மட்டும் வந்திருந்தா நானே கொடத்தத் தூக்கிட்டு வருவேன்."

நீ சண்டை போடவில்லை. மேளத்தைத் திருப்பச் சொன்னாய். கோவிலுக்குப் பக்கத்தில் இருந்தது உன் வீடு. உன் வீட்டுப் பின்புறக் குழாயில் குடம் நிறைந்தது. பூசாரி வாளிகளுக்கும் துணி காயும் கம்பிக்கும் நடுவில் நின்று மந்திரம் சொன்னார். பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

மறுநாள் டயர் கடைக்கு வந்தேன். லாரிச் சக்கரம் ஒன்றைச் சுவரில் சாய்த்துவிட்டு நீ சொன்னாய். "பைப்புத் தண்ணி மச்சான். கொடத்துல க்ளோரின் வாசம் அடிச்சிச்சு." அவ்வளவுதான் சொன்னாய். பிறகு வேலையைப் பார்த்தாய்.

நான் அப்போதுதான் கோலாலம்பூரில் படிப்பை முடித்துவிட்டு வந்திருந்தேன். சமூகவியல். ஈப்போவில் ஒரு காப்புறுதிக் கம்பெனியில் கடிதம் எழுதும் வேலை. படித்த படிப்புக்கு ஒரு பயன் தேடிக்கொண்டிருந்தேன் என்று இப்போது தெரிகிறது. உன் முகத்தைப் பார்த்தபின் நில அலுவலகத்துக்குப் போனேன். ஒருமுறை அல்ல. நான்கு முறை. முகமையின் பொறுப்பில் விட்ட நிலங்களின் அரசிதழ் வரைபடத்தை வாங்கி மேசையில் விரித்தேன்.

நம் லம்பம் இருக்கவேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது.

அந்த வரைபடம் வரைந்த காலத்தில் பள்ளம் இன்னும் ஈயக் கம்பெனியின் குத்தகையில் இருந்திருக்கிறது. குத்தகை நிலத்தைச் சேர்க்காமல் விட்டிருக்கிறார்கள். பிறகு குத்தகை முடிந்து நிலம் மாநிலத்திடம் திரும்பியது. வரைபடத்தை யாரும் திருத்தவில்லை. முகமை தன் கணக்கில் இல்லாத தண்ணீரைச் சுற்றி வேலி போட்டிருந்தது.

அதை நான் கண்டுபிடித்தபோது எனக்கு வந்த சந்தோஷம். மோட்டார் சைக்கிளை நேராக உன் கடைக்கு விட்டேன். நீ வரைபடத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தாய்.

நாம் ஆலோசனை கேட்கப் போன வழக்கறிஞர் ஓர் அம்மா. அவர் அலுவலகம் ஈப்போ பழைய டவுனில், மாடியில். குறுகலான மரப் படிக்கட்டு. அவர் வரைபடத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு இரண்டு வழி சொன்னார்.

"ஒண்ணு, திருவிழாவுக்கு மட்டும் அனுமதி தேவையில்லன்னு கேக்கலாம். இந்த வரைபடத்தக் காட்டுனா அவங்களே எறங்கி வந்துருவாங்க. கோர்ட்டுக்கு வெளியவே முடிஞ்சிரும். இன்னொண்ணு, அந்த ஏரி மேல அவங்களுக்கு அதிகாரமே கெடையாதுன்னு கோர்ட்ட அறிவிக்கச் சொல்லலாம். ஜெயிப்போம்னுதான் நெனைக்கிறேன். ஆனா ஜெயிச்சா அவங்க கைய எடுத்துருவாங்க. எல்லாத்துலேருந்தும். யோசிச்சுச் சொல்லுங்க."

நீ யோசிக்கவே இல்லை. "மொதலாவதே போதும்மா."

நான்தான் உன்னை வெளியே கூப்பிட்டேன். படிக்கட்டின் பாதியில் நின்றோம். அதைத்தான் சொல்ல வந்தேன். அந்தப் படிக்கட்டை.

"கேட்டா முழுசா கேக்கணும்டா. அதிகாரமே இல்லாதவன்கிட்ட எதுக்கு அனுமதி?"

"நமக்கு ஒரு காலைதான மச்சான் வேணும்."

"ஒரு காலைய பிச்சையா வாங்குனா அடுத்த வருசமும் போயி நிக்கணும்."

நீ நகத்திலிருந்த டயர்க் கறுப்பை இன்னொரு நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாய்.

"மாணிக்கண்ணன் வேலை?"

"வேற எடத்துல போடுவாங்கலா."

"கயிறு?"

"என்ன கயிறு?"

"மெதவக் கயிறு. அத யாரு கட்டுவா?"

நான் சிரித்தேன். நீ உண்மையாகத்தான் கேட்டாய். நான் சிரித்தேன். மாநில அரசு பார்த்துக்கொள்ளும் என்றேன். இவ்வளவு பெரிய விஷயம் பேசும்போது கயிற்றைப் பற்றிக் கேட்கிறானே என்று நினைத்தேன். நினைத்ததை முகத்திலும் காட்டினேன்.

"நீ படிச்சவன். நீ சொன்னா சரி" என்று திரும்பிப் படியேறினாய். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் இன்று எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வழக்குக்கான சத்தியப் பத்திரத்தை உனக்குப் புரியவேண்டும் என்று நான் முதலில் தமிழில் எழுதினேன். வழக்கறிஞர் அம்மா மலாயில் மாற்றினார். மையமான வாக்கியம் என்னுடையது. இந்த ஏரியின்மேல் முகமைக்கு எவ்வித அதிகாரமும் இல்லை, எக்காலத்திலும் இருந்ததும் இல்லை. எழுதிவிட்டு அதை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். எனக்குப் பிடித்திருந்தது. கீழே கையெழுத்து உன்னுடையது. ஓரத்தில் உன் கட்டைவிரல் கறை.

வென்றோம். உயர்நீதிமன்றத்தில் நீதிபதி படித்தது அதிக நேரமில்லை. சட்டம் கொடுத்த எல்லைக்குள்தான் முகமை இயங்கமுடியும், வேலை நல்ல வேலை என்பதால் எல்லை விரிந்துவிடாது. இந்தப் பொருளில் சொன்னார். வெளியே வந்து பின் தெருவில் பாய் கடையில் உட்கார்ந்தோம். பாய் தேத்தண்ணீர் ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"என்ன தம்பி, லம்பத்த வாங்கியாச்சா?"

"இல்ல பாய்" என்றாய் நீ. "யாருக்கும் இல்லன்னு ஆக்கிட்டோம்."

மேசையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும். பாய் சிரிக்கவில்லை. "யாருக்கும் இல்லாததுக்கா இவ்வளவு சண்ட" என்று கிளாசை வைத்துவிட்டுப் போனார்.

அந்த வருடக் கரகம் உனக்கு ஞாபகம் இருக்கும். இருந்திருக்கும். வேலிக் கதவு திறந்து கிடந்தது. மாணிக்கம் அண்ணன் சீருடை இல்லாமல் வெள்ளைச் சட்டையில் வந்து கூட்டத்தோடு நின்றார். பூசாரி நீர் மொள்ளும்போது நீ அவர் முழங்கையைப் பிடித்திருந்தாய். உன் கண் கலங்கியிருந்தது. க்ளோரின் வாசம் இல்லை மச்சான் என்று காதில் சொன்னாய். நான் வாழ்க்கையில் ஒன்றைச் சரியாகச் செய்துவிட்டதாக நினைத்த ஒரே காலை அது.

திருவிழா முடிந்த இரண்டாம் வாரம் முகமையின் லாரிகள் வந்தன. வேலியைச் சுருட்டி ஏற்றினார்கள். எச்சரிக்கைப் பலகையைப் பிடுங்கினார்கள். படகை அவிழ்த்தார்கள். மிதவைகளை ஒவ்வொன்றாகக் கரைக்கு இழுத்தார்கள். தங்கள் அதிகாரம் இல்லாத இடத்தில் தங்கள் பொருள் இருக்கக்கூடாது என்று அவர்களுக்கு மேலிடத்து உத்தரவு. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டதாக ஒரு தாளில் கோவில் செயலாளரிடம் கையெழுத்து வாங்கினார்கள். நீ போட்டாய்.

மாணிக்கம் அண்ணன் கடைசியாகக் கிளம்பினார். முகமையின் பண்டகசாலையில் காவல் வேலை கொடுத்திருந்தார்கள். மோட்டாரில் உட்கார்ந்தபின் சொன்னார். "இனிமே விசில் ஊத ஆளில்ல தம்பி. பிள்ளைங்களப் பாத்துக்குங்க." நீ அவரை அதிகாரி அண்ணே என்று கூப்பிடவில்லை அன்று.

இனி யார் பொறுப்பு என்று கேட்டு நான் கடிதங்கள் எழுதினேன். அதுதான் எனக்குத் தெரிந்தது. நிலம் எங்களுடையது, தண்ணீர் எங்களுடையது அல்ல என்றது நில அலுவலகம். ஆறுகள் மட்டும்தான் எங்கள் பொறுப்பு, பள்ளம் ஆறு ஆகாது என்றது வடிகால் இலாகா. எங்கள் எல்லைக்கு வெளியே இருக்கிறது என்றது நகராண்மை. குத்தகை முடிந்தபின் எங்களுக்குத் தொடர்பில்லை என்றது சுரங்க இலாகா. எல்லாம் மரியாதையான கடிதங்கள். ஒவ்வொன்றையும் உனக்குப் படித்துக் காட்டினேன். நீ நான்காவதைக் கேட்டு முடிக்கவில்லை.

"சரி விடு மச்சான். கயிறு எங்க நல்லதா கெடைக்கும்னு பாப்போம்."

நீல நைலான் கயிறு. மிதவைக்கு மஞ்சள் சமையல் எண்ணெய்த் தோம்புகள், காலி பிளாஸ்டிக் டின்கள், மூடியை இறுக்கிச் சூடு வைத்து அடைத்தவை. நங்கூரத்துக்குப் பழைய பெயிண்ட் டின்னில் சிமெண்ட். டயரில் குறி போடும் வெள்ளைப் பெயிண்டால் தோம்புகளுக்கு எண் போட்டாய். ஒன்றிலிருந்து பதினான்கு வரை. உன் தவுக்கே ஒரு லாரி டியூபைக் கொடுத்து, நம்பர் பிளேட் வேணாமா என்று கேட்டாராம். அந்த டியூபில் படுத்து, கையால் துழாவிக்கொண்டு கயிற்றின் நீளத்துக்குப் போவாய்.

எனக்கு நீச்சல் தெரியாது. சுரங்கப் பள்ளத்தின் ஓரத்திலேயே பிறந்து வளர்ந்து நீச்சல் தெரியாதவன். அதனால் கயிற்றின் இந்த முனை எனக்கு. கரையில் நின்று பிடித்திருக்கவேண்டும். இறுக்கு என்றால் இறுக்கவேண்டும். விடு என்றால் விடவேண்டும்.

"சமூகவியல் படிச்சது இதுக்குத்தான்டா. கயிறு புடிக்க."

"இதுக்குத் தனிப் பாடமே இருந்திச்சு."

"பாஸ் பண்ணியா?"

ஞாயிறுதோறும். மழைக்குப் பிறகு கட்டாயம். ஒன்பதாம் எண் மட்டும் நிற்காது. அதற்கு அடியில் ஏதோ பழைய இரும்பு, ஈயக் கம்பெனி விட்டுப்போனது. நங்கூரம் அதில் போய் மாட்டிக்கொள்ளும், கயிறு வளையும். நீ ஒன்பதைத் திட்டுவாய். சொந்தக்காரனைத் திட்டுவதுபோல.

நவம்பர் மழை விட்ட ஞாயிறு. காலை பத்து மணி. வெயில் அடித்தது. மலையில் ஈரம் மின்னியது.

நீ டியூபை விட்டு முங்கினாய். மேலே வந்தாய். "இரும்புதான் மச்சான். பெருசு. நல்லா மாட்டியிருக்கு." மீண்டும் முங்கினாய். வந்தாய். இரண்டு கையாலும் முகத்தை வழித்தாய். "இன்னொருவாட்டி. கயித்த லூசா விடு." விட்டேன்.

டியூப் தனியாக நின்றது.

நீ விளையாடுகிறாய் என்று நினைத்தேன். பலமுறை அப்படி வேறு பக்கமாக வந்து எழுந்திருக்கிறாய். கூப்பிட்டேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கயிற்றை இழுத்தேன். மாட்டியிருந்ததாக நீ சொன்ன கயிறு தடையில்லாமல் வந்தது. ஒன்பதாம் எண் தோம்பு என் காலடிக்கு வந்து நின்றது. நங்கூரமும் கூடவே. நீ அதை இரும்பிலிருந்து எடுத்துவிட்டிருந்தாய்.

முழங்கால்வரை இறங்கினேன். அதற்கு மேல் இறங்கவில்லை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

தீயணைப்புப் படையை, பொம்பாவை, கூப்பிட்டேன். வருகிறோம் என்றார்கள். டவுனிலிருந்து வரவேண்டும். மாணிக்கம் அண்ணனைக் கூப்பிட்டேன். நான் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் சிமெண்டுக் கட்டை. அதில் இரும்பு வளையம். படகு கட்டியிருந்த வளையம்.

அவர் மோட்டாரில் வந்தார். தோளில் ஒரு மிதவை வளையம் மட்டும்.

"கேட்டேன் தம்பி. போட்டு அங்கதான் இருக்கு, ஷெட்டுல. தொறந்து குடுங்கன்னு கேட்டேன். அது நம்ம எல்லையில்ல, பொம்பா வரும்னுட்டாங்க. கேட்டேன் தம்பி." சொல்லிக்கொண்டே சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் தண்ணீரில் இறங்கினார். முழங்கால் ஆழத்தில் அவர் நிற்கவில்லை.

பிற்பகலில் உன்னை வெளியே எடுத்தார்கள். அதைப் பற்றி எழுதமாட்டேன்.

மரண விசாரணைக்கு முகமை எழுத்தில் விளக்கம் கொடுத்தது. வழக்கறிஞர் அம்மா எனக்கு நகல் காட்டினார். இரண்டாம் பத்தியில், மலாயில், என் வாக்கியம். நீதிமன்றம் ஏற்றுக்கொண்டபடி, அந்த ஏரியின்மேல் எங்களுக்கு எவ்வித அதிகாரமும் இல்லை, எக்காலத்திலும் இருந்ததும் இல்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை. நாம் நிரூபித்ததைத் திருப்பிச் சொன்னார்கள். பல மாதம் அவர்கள்மேல் கோபமாக இருந்தேன். அது எளிதாக இருந்தது. அதிகாரம் வேண்டாம், அந்த ஷெட்டின் கதவைத் திறந்திருக்கலாமே என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அந்தக் கோபம் முடிகிற இடத்தில் எப்போதும் படிக்கட்டு இருக்கிறது.

மூன்று வாரத்துக்கு முன்னால் செல்வி வந்தாள். கோவிலில் அவளைச் செயலாளர் ஆக்கியிருக்கிறார்கள். கையில் உன் கோப்பு.

"ஒரு மனு எழுதணும்ணே. திருவிழா வருது. போன வருசம் நடத்தல. இந்த வருசம் நடத்துறாங்க. பிள்ளைங்கல்லாம் தண்ணிக்கு வரும்."

"யாருக்கு எழுதணும்?"

"யாராவது ஒருத்தருக்கு. அது யாருக்காவது சொந்தமா இருக்கணும்ணே. அவரு இருந்தாலும் உங்ககிட்டதான் கேட்டிருப்பாரு."

அதனால்தான் எழுதமுடியவில்லை. முகமையே, வந்து பொறுப்பெடுத்துக்கொள் என்று எழுதினால் என் வாக்கியத்தை நானே அடிக்கவேண்டும். அதுகூடப் பரவாயில்லை. அவள் நம்பிக் கேட்டாளே. நீ நம்பிய அதே குரலில்.

இதுவரை எழுதிவிட்டு எழுந்து போனேன். இப்போது மதியம். செல்வியைப் பார்த்துவிட்டு வந்து மீதியை எழுதுகிறேன்.

அவள் உன் மகளின் பள்ளிச் சீருடையை மடித்துக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே சொன்னேன். இரண்டு வழி இருந்ததை. நீ ஒரு காலை மட்டும் கேட்டதை. கயிற்றைப் பற்றி நீ கேட்டதை. நான் சிரித்ததை. அன்று முழங்கால் ஆழத்தில் நின்றுவிட்டதை.

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. ஒரு சட்டை, ஒரு பாவாடை, இன்னொரு சட்டை.

"படிக்கட்டு தெரியும்ணே" என்றாள். "அன்னைக்கே வந்து சொன்னாரு. கயித்தப் பத்திக் கேட்டேன், சிரிச்சிட்டான்னு. அவரும் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு."

பிறகு, "முழங்கால் தெரியாது."

எழுந்து உள்ளே போனாள். நான் வாசலில் நின்றேன். பின்பக்கத்தில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. நம் கரகம் நிறைந்த குழாய். வெகுநேரம் ஓடியது. போய்விடலாமா என்று நினைத்தேன். போகவில்லை.

திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. உங்கள்மேல் தவறில்லை என்றும் சொல்லவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை. கோப்பை என் கையில் கொடுத்தாள்.

"இந்தவாட்டி சின்னதா கேளுங்கண்ணே. ஒரு கயிறு. ஒரு போட்டு. ஒரு ஆளு. அவ்வளவுதான்."

வந்து எழுதிவிட்டேன். மூன்று வரி. இதுவரை நான் எழுதியதிலேயே சின்னக் கடிதம். பெறுநர் என்ற இடத்தில் ஐந்து அலுவலகங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன். முகமையை முதலில். அதிகாரம் என்ற சொல் எங்கும் இல்லை. கோவில் கடிதத் தாளின் அடியில் செயலாளர் என்று உன் பெயர்தான் இன்னும் அச்சாகியிருக்கிறது. அடிக்கப் பேனாவை எடுத்தேன். அடிக்கவில்லை. அவள் கையெழுத்துப் போடும்போது அவளே அடித்துக்கொள்ளட்டும். அன்று முகமையில் அந்த அக்கா அம்மன் பெயரை அடித்ததுபோல, கோணாமல் ஒரு கோடு.

பதில் வருமா தெரியாது. திருவிழாவுக்கு இன்னும் நாளிருக்கிறது. வராது என்று வைத்துக்கொண்டு மாணிக்கம் அண்ணனைக் கூப்பிட்டேன். அன்று விடுப்பு எடுத்து வருகிறேன் என்றார். விசிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டதால் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்வாராம்.

கயிற்றை உள்ளே எடுத்து வைத்தேன். கை முழுக்க ஏரி வாசம். கழுவவில்லை.

அன்று காலை பூசாரிக்குப் பின்னால் பிள்ளைகள் தண்ணீருக்கு வருவார்கள். அவர்களுக்கும் பள்ளத்துக்கும் நடுவில் இந்தக் கயிறு இருக்கும். அந்த முனையில் மாணிக்கம் அண்ணன். இந்த முனையில் நான். கரையில் நின்று பிடித்தால் போதாது. தரை முடியும் இடத்தில் நின்று பிடிக்கவேண்டும், இடுப்பளவுத் தண்ணீரில்.

முழங்காலிலிருந்து நான்கு எட்டு. அன்று நான் வைக்காத நான்கு.